பண்ணும் பணமும்

சிதம்பரத்திலே இறங்குகிறவர்கள் இரண்டு காட்சிகளைக் காணாமல் திரும்ப முடியாது. ஊரின் நடுவிலே வானளாவி நிற்கும் நான்கு கோபுரங்கள். இருப்புப் பாதைக்குக் கிழக்கே, பரந்த திடலிலே பல்கலைக்கழகக் கட்டடங்கள். ஒன்று தீட்சிதர்களின் பிறப்புரிமை. மற்றொன்று, 1929 முதல் 2013 வரையில், கானாடுகாத்தான் செல்வக் குடும்பம் ஒன்றின் பிறப்புரிமை.

முன்னதைப் பற்றி நாம் எழுதியிருக்கிறோம், பேசியிருக்கிறோம், இடித்துரைத்திருக்கிறோம். பின்னதைப் பற்றிப் பேச மட்டும் நம் நா தயங்கியே வந்திருக்கிறது. காரணம் அச்சமல்ல, நன்றி! தமிழுக்குப் பல்கலைக்கழகத்திலே இருக்கை போட்ட குடும்பம். தமிழ்ப் பாட்டுக்கு மேடை கட்டிய குடும்பம். அதைக் குறை கூறுவதா என்ற தயக்கம். நன்றி நல்ல பண்புதான். ஆனால், நன்றி என்ற பெயரால் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டால், பக்தனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? எனவே, அந்தக் குடும்பத்தின் அறக்கொடை வரலாற்றைக் கொடைக்குரிய மதிப்போடும், கேள்விக்குரிய துணிவோடும் பார்ப்போம்.

அண்ணாமலை செட்டியார் 1881-ல் பிறந்தவர், 1948-ல் மறைந்தவர். நகரத்தார் மரபு. வட்டித் தொழில், வங்கித் தொழில், கடல் கடந்த வாணிகம். அர்பத்நாட் கம்பெனி 1906-ல் கவிழ்ந்து, சென்னையிலே ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு கரைந்துபோன பிறகு, 1907-ல் இந்தியன் வங்கி எழுந்தபோது அதற்குத் தோள் கொடுத்தவர்களிலே இக்குடும்பத்தாரும் உண்டு. 1923-ல் ‘சர்’ பட்டம். 1929-ல் ‘ராஜா’ பட்டம், அதுவும் வழிவழியாகத் தொடரும் பட்டம். இந்தச் செல்வத்தின் வேர் எங்கே ஓடியது என்பதை வாழ்த்துப் பாக்கள் பாடுவதில்லை. நாம் சொல்லியாக வேண்டும். அக்காலத்து நகரத்தார் செல்வத்தின் பெரும் பகுதி பர்மாவின் நெல்வயல்களிலே விளைந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களிலே, 1930-ல் விளைநிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு செட்டியார்கள் கையிலே இருந்தது. 1938-ல் அது 25 பங்காயிற்று. எட்டே ஆண்டுகள்! இடையிலே நெல்விலை வீழ்ந்தது. கடன் வாங்கிய உழவனால் திருப்பிக் கட்ட முடியவில்லை. நிலம் கைமாறியது. செட்டியார்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணம் திரும்பாததால் நிலத்தை ஏற்க நேர்ந்தது என்று அவர்கள் தரப்பிலே கூறுவார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். நிலத்தை இழந்த பர்மிய உழவனுக்கு அந்த விளக்கம் சோறு போட்டிருக்காது.

இதைச் சொல்வதால், சிதம்பரத்துக் கட்டடங்களின் ஒவ்வொரு செங்கல்லும் பாவத்தால் ஆனது என்று நாம் சபிக்கப் புறப்படவில்லை. சாபம் விடுவது நம் தொழிலுமல்ல. செல்வர்கள் தங்கள் பணத்தை வேறெதற்கெல்லாம் கொட்டினார்கள் என்பது நாடறிந்தது. குடமுழுக்கு, வெள்ளித் தேர், வேத பாடசாலை, திருமண விருந்து. அந்தக் காலத்திலே, அந்தச் செல்வக் கூட்டத்திலே, ஒருவர் பள்ளியையும் கல்லூரியையும் நினைத்தாரே, அதைப் போற்றத்தான் வேண்டும்.

1920-ல் சிதம்பரத்திலே மீனாட்சி கல்லூரி தொடங்கிற்று. அடுத்து மீனாட்சி தமிழ்க் கல்லூரி. ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடி அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை அதன் தலைவராக இருந்தார். வடமொழிக் கல்லூரியும் உடன் எழுந்தது. இசைக் கல்லூரியும் எழுந்தது. இவை அனைத்தையும் சேர்த்து, 20 இலட்சம் ரூபாய் கொடையையும் வைத்து, பல்கலைக்கழகம் வேண்டுமென்று கேட்டார். 1928-ல் சட்டம் நிறைவேறியது. 1929-ல் பல்கலைக்கழகம் பிறந்தது.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். அந்தக் காலத்து 20 இலட்சம் என்றால் மலையளவு பணம், மறுக்கவில்லை. ஆனால், அரசும் தன் கருவூலத்திலிருந்து பெருந்தொகையை அதனோடு சேர்த்தது. அந்தப் பணம் யாருடையது? உப்புக்கு வரி கட்டியவனுடையது, நிலத்துக்குத் தீர்வை கட்டியவனுடையது. ஆக, பிறக்கும்போதே அந்தப் பல்கலைக்கழகம் வள்ளலின் பணமும் மக்களின் பணமும் கலந்து பிறந்த குழந்தை. ஆனால் சட்டம் என்ன சொல்லிற்று? நிறுவனருக்கு இணைவேந்தர் பதவி. அவருக்குப் பின் அவருடைய வழித்தோன்றலுக்கு அந்தப் பதவி. துணைவேந்தர் யார் என்பதற்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் உரிமையும் அந்தக் குடும்பத்துக்கே. மக்களின் பணத்துக்கு அத்தகைய உரிமை எதுவும் எழுதப்படவில்லை.

பிறப்பால் வரும் உரிமை! எந்தச் சொல்லைக் கேட்டால் நம் குருதி கொதிக்கிறதோ அதே சொல், அறிவை வளர்க்க எழுந்த நிலையத்தின் சட்டத்திலே, நீதிக்கட்சி செல்வாக்கோடு இருந்த காலத்திலேயே, எழுதப்பட்டுவிட்டது. தீட்சிதருக்குக் கருவறை, செட்டியாருக்குக் கலைக்கோயில். இரண்டுக்கும் தகுதி, தாய் வயிறு. தீட்சிதர் பணம் போடவில்லையே, செட்டியார் போட்டாரே என்று கேட்கலாம். கேட்பது ஞாயம். போட்டவர் போட்டார், அவருக்கு உரிமை தரட்டும். அவர் பேரனுக்கு ஏன்?

ஆயினும் அந்தத் திடலிலே வந்து அமர்ந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள். தமிழ்த் துறையின் முதல் பேராசிரியர் மட்டக்களப்பின் காரைதீவிலே பிறந்த விபுலானந்தர். 1931 முதல் 1933 வரை அங்கே பணி. அவருக்குப் பின்னர் நாவலர் சோமசுந்தர பாரதியார். கட்டாய இந்தி வந்தபோது எதிர்த்து முழங்கிய அதே பாரதியார்! பின்னாளிலே நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்கே தமிழ் பயின்ற மாணவர்கள். வள்ளல் விரும்பினாரோ விரும்பவில்லையோ, அவர் போட்ட கூரையின் கீழேதான் நம் இயக்கத்தின் மேடைத் தமிழ் ஒரு பகுதி முளைத்தது. 1965-ல் இந்தியை எதிர்த்து எழுந்த மாணவர்மீது துப்பாக்கி நீண்டபோது, அந்தப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் குண்டுக்கு இரையானார். கொடையாளி கணக்கிட முடியாத விளைவுகள் இவை. இவற்றுக்கான பெருமையை நாம் குடும்பத்தின் கணக்கிலே முழுதும் எழுதுவதற்கில்லை. வாயிலைத் திறந்து வைத்ததற்கான பங்கை மறுப்பதற்குமில்லை.

இனி இசை. இக்குடும்பத்தின் பெயர் தமிழர் நெஞ்சிலே நிலைத்தது கல்விக்காக என்பதைவிட இசைக்காகத்தான்.

அன்றைய கச்சேரியை நினைத்துப் பாருங்கள். கேட்பவர் தமிழர், பாடுபவர் தமிழர், கொட்டகை தமிழகத்திலே, நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த காசு தமிழன் காசு. பாட்டு மட்டும் தெலுங்கு, இல்லையேல் வடமொழி. மூன்று மணி நேரம் கேட்டு, பொருள் விளங்காமல் தலையை ஆட்டிக் களைத்தபின், கடைசியிலே பந்தியிலே ஊறுகாய் வைப்பதுபோல ஒன்றோ இரண்டோ தமிழ்ப் பாட்டு. அதற்குத் ‘துக்கடா’ என்று பெயர். தமிழ்நாட்டிலே தமிழ்ப் பாட்டுக்குப் பெயர் துக்கடா!

1941 ஆகஸ்டிலே அண்ணாமலை நகரில் மாநாடு கூடிற்று. கச்சேரிகளிலே தமிழ்ப் பாட்டு பெரும்பான்மையாக வேண்டும், இசைப் பள்ளிகளிலே தமிழ்ப் பாடல்கள் கற்பிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை அங்கே உருப்பெற்றது. எளிய கோரிக்கை. எந்த நாட்டிலும் கேட்கவே தேவையில்லாத கோரிக்கை. அதற்கு எழுந்த எதிர்ப்பைப் பார்க்க வேண்டுமே! சென்னை மியூசிக் அகாடமி அவ்வாண்டின் இறுதியிலே, இசையின் தரமே குறிக்கோளாக இருக்க வேண்டும், மொழி பற்றிய எண்ணத்தைப் புகுத்தி அத்தரத்தைத் தாழ்த்தலாகாது என்ற பொருள்பட முடிவு செய்தது. தமிழ் வந்தால் தரம் தாழும் என்று மொழிபெயர்த்துக் கொள்ள நமக்குப் பெரிய புலமை தேவைப்படவில்லை.

இந்தப் போரை வெறும் பார்ப்பனர் - அல்லாதார் போராக எழுதிவிடுவது எளிது. எழுதியவர்களும் உண்டு. ஆனால் உண்மை அவ்வளவு நேர்க்கோட்டிலே இல்லை. இராசகோபாலாச்சாரியார் தமிழிசையை ஆதரித்தார். ‘கல்கி’ கிருஷ்ணமூர்த்தி விடாமல் எழுதினார். டி.கே.சி. ஊர் ஊராய்ப் பேசினார். நம்மோடு வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதிலே ஒத்துப்போனார்கள். இதைக் கண்டு மகிழ்ந்தவர்கள் மகிழட்டும். நமக்கோ அங்கேயே ஓர் ஐயம் தோன்றியிருக்க வேண்டும். இத்தனை பேருக்கும் உவப்பான சீர்திருத்தம் என்றால், அது யாருடைய பீடத்தையும் அசைக்காத சீர்திருத்தமாகத்தானே இருக்கும்?

1943-ல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அவ்வாண்டு திசம்பரிலேயே முதல் தமிழிசை விழா. 1948-ல் அண்ணாமலை செட்டியார் மறைந்த பின், சென்னை மாநகரின் முதல் மேயராக 1933-ல் அமர்ந்த அவருடைய மகன் முத்தையா செட்டியார் பொறுப்பேற்று நடத்தினார். 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள். தேவாரப் பண் எது, இன்று வழங்கும் இராகம் எது என்று ஓதுவார்களையும் இசைவாணர்களையும் ஒரே கூடத்திலே அமர்த்தி, பாடச் சொல்லி, கேட்டு, வாதிட்டு, முடிவு கண்டார்கள். 1952-ல் பாரிமுனை அருகே இராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. பல்கலைக்கழகமோ, முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதியார் முதலியோரின் பாடல்களைச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டது. பாடத் தமிழ்ப் பாட்டு எங்கே இருக்கிறது என்று ஏளனம் பேசியவர்களின் முகத்திலே எறிந்த விடை அது. உரக்கக் கத்திய தீர்மானங்களைவிட அந்தத் தொகுதிகளே பெரும் பணி என்பது நம் கருத்து. தீர்மானத்தை மறந்துவிடலாம். சுரக்குறிப்போடு அச்சான பாட்டை, பாடத் தெரியாது என்று தள்ள முடியாது.

ஆனால், எந்தப் பாட்டு?

‘குடிஅரசு’ ஏட்டிலே பெரியார் அன்றே கேட்ட கேள்வி இது. தமிழிலே பாடு என்கிறாய், சரி. எதைப் பாடப் போகிறாய்? தெலுங்கிலே இராமனைப் பாடியவன் தமிழிலே முருகனைப் பாடினால் மொழி மாறிற்று, மூளை மாறிற்றா? உழைப்பைப் பாடு, இயற்கையைப் பாடு, அறிவைப் பாடு என்பது அவர் தந்த திட்டம். இந்தக் கேள்விக்கு அந்த அறக்கட்டளைகள் கடைசிவரை விடை சொல்லவில்லை. விடை சொல்லவும் இயலாது. கோயில் திருப்பணியும் தமிழ்ப் பணியும் ஒரே பேரேட்டிலே எழுதிய குடும்பம் அது.

நந்தனை எடுத்துக்கொள்வோம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் தமிழிசையின் மணிமுடிகளிலே ஒன்று என்பார்கள். பாட்டின் சுவையை நாமும் மறுக்கவில்லை. உருகாத கல்லும் உருகும். பாட்டை விட்டுக் கதையைப் பாருங்கள். சேரியிலே பிறந்த பண்ணையாள். தில்லைக்குப் போக வேண்டுமென்று ஆசை. ஆண்டையின் காலிலே விழுந்து இசைவு கேட்கிறான். கடைசியிலே தில்லைக்குப் போகிறான், தீயிலே இறங்கிய பிறகு. தோல் வெந்து, ‘தூய்மை’ பெற்று, பூணூலோடு எழுந்த பின்னரே உள்ளே அனுமதி. இந்தக் கதை எந்த ஊரிலே நடந்ததாகச் சொல்கிறார்கள்? அதே சிதம்பரத்திலே! தமிழிசைக்குப் பல்கலைக்கழகம் கண்ட ஊரிலே! 1935-ல் நந்தனாராகத் திரையிலே தோன்ற கே.பி.சுந்தராம்பாள் ஓர் இலட்சம் ரூபாய் பெற்றார். 1942-ல் ஜெமினி எடுத்த படத்திலே தண்டபாணி தேசிகர் நந்தனார். இருவரும் தமிழிசையின் மாபெரும் குரல்கள். தேசிகர் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இசைப் பேராசிரியராகவும் அமர்ந்தவர். அந்தக் குரல்களிலே நாம் மயங்கியவர்கள்தாம். மயங்கி எழுந்தபின் கேட்கிறோம்: தீ மூட்டியவனைக் கேள்வி கேட்கும் ஒரு பாட்டு, அத்தனை தொகுதிகளுக்கு நடுவே ஏன் முளைக்கவில்லை?

மொழி மாறிற்று என்று பெருமைப்பட்ட அந்த ஊரிலே, மொழியாவது கோயிலுக்குள் போயிற்றா? அதுவும் இல்லை. பண் ஆராய்ச்சிக்கு மன்றம் கட்டி அரை நூற்றாண்டு கடந்த பிறகு, பல்கலைக்கழகத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவிலே, தில்லைக் கோயிலின் சிற்றம்பல மேடையிலே நின்று தேவாரம் பாட ஒரு முதிய சிவனடியாருக்கு 2008-ல் அரசின் ஆணை தேவைப்பட்டது, காவல்துறை தேவைப்பட்டது. தேவாரம் பாடப்படுகிறதா இல்லையா என்பது, வழிபாட்டிலே நாட்டமில்லாத நமக்கு வழிபாட்டுச் சிக்கலல்ல. தமிழ் நின்று பாடத் தகாத இடம் தமிழகத்திலே ஒன்று இருக்கலாமா என்ற மானச் சிக்கல். தமிழிசைக்குக் கோடி கொட்டியவர்கள் தம் வாழ்நாளிலே அந்த மேடையை நோக்கி ஒரு விரலையாவது நீட்டியிருந்தால், அந்த முதியவர் அத்தனை ஆண்டு காத்திருக்க நேர்ந்திராது. சபையிலே தமிழ் கேட்டவர்கள் சந்நிதியிலே கேட்கவில்லை. சபைக்காரரைப் பகைக்கலாம், சாமியைப் பகைக்கலாகாது!

இன்னொன்று. தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது யாழையும் எண்ணுகிறார், பறையையும் எண்ணுகிறார். ஒவ்வொரு திணைக்கும் ஒரு யாழ், ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை. அந்தப் பழந்தமிழ் இசையை மீட்பதாகச் சொன்ன இயக்கம் யாழை எடுத்துக்கொண்டது. பண்ணை எடுத்துக்கொண்டது. பறையைச் சேரியிலேயே விட்டுவிட்டது. ஆய்வின் நடுவிடம் தேவாரம், மேடையின் நடுவிடம் கச்சேரி. நடவு நட்டவள் பாடிய பாட்டும், ஏற்றம் இறைத்தவன் பாடிய பாட்டும், ஒப்பாரியும், தெம்மாங்கும் ‘நாட்டுப்புறம்’ என்ற வேறு கொட்டிலிலே கட்டப்பட்டன. வடமொழிக்காரன் தமிழைத் துக்கடா என்றான். தமிழிசைக்காரன் உழவன் பாட்டை அந்தத் துக்கடாவாகக்கூட வைக்கவில்லை.

இப்படிச் சொன்னால், பணம் போட்டவனுக்குப் பிடித்ததைத்தானே வளர்ப்பான் என்பார்கள். அதுதான் நாமும் சொல்வது! அதனால்தான் ஒரு குடும்பத்தின் பணப்பெட்டியை நம்பி ஓர் இனத்தின் கலையை ஒப்படைக்கலாகாது. பணம் குறைந்தவர்கள் செய்ததையும் பாருங்கள். தஞ்சையிலே ஆபிரகாம் பண்டிதர், மருத்துவர். மூலிகைத் தோட்டம் போட்டு, மருந்து விற்றுச் சேர்த்த பணத்திலே 1912 முதல் இசை மாநாடுகள் கூட்டினார். வந்தவர்களுக்குச் சோறும் போட்டு, கேள்வியும் கேட்டார். 1917-ல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. கிறித்துவர் ஒருவர், சிலப்பதிகாரத்திலிருந்து தமிழ்ப் பண்ணின் கணக்கை எடுத்து விளக்கினார். தமிழிசை இயக்கம் என்று எவரும் பெயர் வைப்பதற்குக் கால் நூற்றாண்டு முந்தியே அந்த வேலை நடந்துவிட்டது. சிதம்பரத்தை விட்டுப் போன விபுலானந்தரின் ‘யாழ் நூல்’ 1947 சூனிலே வெளிவந்தபோது, தாங்கி நின்றது கரந்தைத் தமிழ்ச் சங்கம். அடுத்த மாதமே அவர் கண் மூடினார். பண்டிதருக்கும் கரந்தைக்கும் பரம்பரை இணைவேந்தர் பதவி எதையும் எந்தச் சட்டமும் எழுதித் தரவில்லை.

கானாடுகாத்தான் குடும்பத்துக்கு எழுதித் தந்த உரிமை மூன்று தலைமுறை ஓடிற்று. 2012-ல் பல்கலைக்கழகம் பணமின்றித் தத்தளித்தது. வேண்டிய அளவுக்கு மேல் ஆயிரக்கணக்கில் ஆட்கள். ஊதியத்தைக் குறைக்கப் போவதாகச் செய்தி. ஆசிரியர்களும் ஊழியர்களும் தெருவிலே. 2013 ஏப்ரலிலே அரசு தன் அதிகாரி ஒருவரை அமர்த்திற்று. அவ்வாண்டிலேயே புதிய சட்டம் வந்து, 1928-ன் சட்டம் போயிற்று. நிறுவனர் உரிமையும் அதனோடு போயிற்று. மிகையான ஆட்களைப் பிற அரசு அலுவலகங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய ஊதியத்தை ஏற்றது மறுபடியும் மக்களின் கருவூலம். வள்ளலின் பெயர் மட்டும் பலகையிலே அப்படியே இருக்கிறது. இருக்கட்டும், 20 இலட்சத்துக்கு அந்தப் பெயர் தகும்.

அந்த மாற்றம் நடந்து சில மாதங்களிலேயே, 2014 சனவரியிலே, உச்ச நீதிமன்றம் தில்லைக் கோயிலின் நிர்வாகத்தை அரசின் கையிலிருந்து எடுத்துத் தீட்சிதர்களிடம் திருப்பித் தந்தது. இருப்புப் பாதைக்குக் கிழக்கே ஒரு பிறப்புரிமை முடிந்தது. மேற்கே மற்றொன்று உறுதிப்பட்டது. பணம் போட்ட பரம்பரை போய்விட்டது, மந்திரம் போட்ட பரம்பரை இருக்கிறது. இதைப் பற்றித் தனியே எழுதுவோம்.

இப்போது நம் இளைஞர்கள் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. பல்கலைக்கழகம் மக்களுடையதாகிவிட்டது. அச்சுப் பணி செய்த மரபு அங்கே இருக்கிறது, சுரக்குறிப்பு எழுதத் தெரிந்த இசைத் துறை இருக்கிறது. முத்துத்தாண்டவரை அச்சிட்ட அதே வரிசையிலே, காவிரிக் கழனியின் நடவுப் பாட்டுக்கு ஒரு தொகுதி, பறையின் அடிகளுக்கு ஒரு தொகுதி, பாடுகிற பெண்களிடமும் அடிக்கிற ஆடவர்களிடமும் நேரே கேட்டு எழுதி, அவர்கள் பெயரையும் ஊரையும் போட்டு வெளியிடட்டும். எந்த அரண்மனையின் இசைவும் அதற்கு இனி வேண்டியதில்லை. அண்ணாமலை நகரிலிருந்து வடக்கே நடந்தாலும் தெற்கே நடந்தாலும், முதலிலே எதிர்ப்படுவது வயல்தான்.